ஃபைனல் டிரைவுக்குத் தமிழ் என்ன? (கொஞ்சம் அவசரம்)

வணக்கம். ஐடிஐ பசங்களுக்கு பைக் பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், திங்கக்கிழமை ஜெராக்ஸ் போகணும். கியர்பாக்ஸ்லேர்ந்து பின்சக்கரத்துக்கு பவர் போற கடைசிக் கட்டம், செயின் பெல்ட் ஷாஃப்ட் மூணையும் ஒப்பிடணும். போன வருசம் "இறுதி இயக்கம்"னு போட்டேன், கடைசி பெஞ்ச்லேர்ந்து "சங்கு ஊதுவாங்களா சார்"னு ஒரு குரல், அன்னிக்கு பாடம் அதோட சரி. வேற சொல்லு குடுங்க.

---

தம்பி, கடைச்செலுத்தம் எனலாம். சங்கிலி வேண்டாம், அது வடமொழிச் சிருங்கலா. தொடரி என்று போடுங்கள். புறநானூறு 74-ல சேரமான் கணைக்கால் இரும்பொறை "தொடர்ப்படு ஞமலி"ங்கிறான், சங்கிலி போட்ட நாய். தொடர், தொடலை, தொடையல் எல்லாம் ஒரு குடும்பம். தொடியும் இதில்தான் சேரும் என்பது என் துணிபு, அதைத் தனி மடலில் விரிவா எழுதறேன்.

---

ஐயா, சிறையில தண்ணி லேட்டா வந்துச்சுன்னு குடிக்காமயே செத்த ராஜாவோட பாட்டு அது, இங்க பையன் செயினுக்கு ஆயில் விடணும், தொய்வு 20-30 மி.மீ. இருக்கான்னு பாக்கணும், அவ்ளோதான். சங்கிலின்னா எங்க ஆத்தாவுக்கும் தெரியும். கடைச்செலுத்தம்னா டீக்கடையத்தான் நெனப்பானுங்க.

முதல்ல பொருளப் பாருங்க வாத்தியாரே. ஆக்டிவாலயும் பெல்ட் இருக்கு, ஆனா அது கியருக்கு பதிலா நிக்கிற சிவிடி பெல்ட், அதைத் தாண்டி பின்சக்கரத்துகிட்ட இருக்கிற பல்சக்கரங்கதான் கடைசி வேலையச் செய்யுது. ஹார்லி பைக்ல, ஏதர் கரண்ட் ஸ்கூட்டர்ல வர்றதுதான் நீங்க கேக்குற பெல்ட். பல்லு வெச்சது, ஆயில் வேணாம், சத்தம் கம்மி. ஆனா நடுவுல ஒரு கல்லு சிக்கி அந்துபோச்சுன்னா அங்கயே நிக்க வேண்டியதுதான், செயின்னா அந்த எடத்துல ஒரு லாக் (இணைப்புக் கண்ணி) போட்டு வீடு வந்து சேர்ந்துரலாம். பேரு பட்டைன்னு மட்டும் வெக்காதீங்க, பட்டறையில பட்டைன்னா லாரி ஸ்பிரிங்கு. வார்னு போடுங்க.

---

வார் எனக்கும் சரி. ஷாஃப்டுக்கு யாரும் அச்சுன்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், "பீலிபெய் சாகாடும் அச்சிறும்"னு வள்ளுவர் அதை ஆக்ஸிலுக்கு, அதாவது சக்கரம் மாட்டுற தண்டுக்கு, எடுத்துட்டார். இருசும் அதே கதை, மாட்டுவண்டியில இருசு நிக்கும், சக்கரம் சுத்தும். ஷாஃப்ட் தானே சுத்துது, அதனால சுழல்தண்டு. 1923-ல வந்த பிஎம்டபிள்யூ ஆர்32-லயே இதுதான், இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு வண்டியோட நெடுக்குவாட்டுல இருந்ததால தண்டை நேரா பின்னாடி கொண்டுபோக முடிஞ்சுது, சக்கரத்துகிட்ட கூம்புப் பல்சக்கரம் வெச்சு 90 டிகிரி திருப்பிட்டாங்க. மழை, சேறு எதுவும் ஒண்ணும் பண்ணாது. ஆனா எடை ஜாஸ்தி, கொஞ்சம் பவரும் வழியிலயே போயிடும், பழைய வண்டியில திராட்டில் முறுக்கினா பின்பக்கம் லேசாத் தூக்கும்.

"பின்சக்கர இயக்கம்"னு தயவுசெஞ்சு போட்றாதீங்க. கார்ல அது வேற, எந்தச் சக்கரத்துக்கு பவர் போகுதுங்கிறதச் சொல்றது.

---

எல்லாருக்கும் நன்றி, இப்ப ராத்திரி பதினொண்ணு. தலைப்பு "சக்கரச் செலுத்தம்", பக்கத்துலயே ஃபைனல் டிரைவ்னும் போட்டுட்டேன். வார், சுழல்தண்டு ஓகே. சங்கிலி சங்கிலியாவே இருக்கட்டும் ஐயா, மன்னிச்சுக்கோங்க.

---

பதிவுக்காக மட்டும்: தொடரி. அது போகட்டும் தம்பி, செயின் மாட்டுற பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட்டுக்கு என்ன போட்டீங்க?