ஐசிஏ கன்வர்ஜ் ஆகிறது, குரல் மட்டும் பிரியவில்லை

கேள்வி
இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் ஸ்டீரியோ பதிவு. 16 கிலோஹெர்ட்ஸ், 10 விநாடி, மைக் இடைவெளி 20 செ.மீ. எஸ்டிஎஃப்டி எடுத்து, அதாவது ஒலியைச் சிறு துண்டுகளாக வெட்டி அதிர்வெண்களாகப் பிரித்து (விண்டோ எனும் துண்டு நீளம் 512 மாதிரி, ஹாப் எனும் நகர்வு 128), ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் தனித்தனியாக ஐசிஏ (கலந்த ஒலிகளை ஒன்றையொன்று சாராத கூறுகளாகப் பிரிக்கும் முறை) ஓட்டினேன். எல்லாப் பட்டையிலும் கன்வர்ஜ் ஆகிறது, அதாவது விடை நிலைபெறுகிறது. ஆனால் இரண்டு வெளியீட்டிலும் இரண்டு குரலும் கேட்கிறது, அதுவும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல. எங்கே தப்பு?

பதில் 1
ஐசிஏ தன் வேலையைச் செய்துவிட்டது. 257 பட்டையிலும் இரண்டு கூறுகளைப் பிரித்திருக்கிறது. எது முதல், எது இரண்டாவது என்பது அதற்குத் தெரியாது. வெளியீட்டின் ஸ்பெக்ட்ரோகிராமில் ஒருவர் மூச்சுவிட நிறுத்தும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில வரிகள் அணைந்திருக்கும், ஒட்டிய வரிகள் எரிந்துகொண்டே இருக்கும். அதுதான் வரிசைமாற்றச் சிக்கல்: பட்டைக்குப் பட்டை குரல்கள் இடம் மாறிக் கிடக்கின்றன.

டப்பா ஓசை வேறு கோளாறு. பட்டைக்குப் பட்டை அளவு இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு பட்டைக்கும் ஐசிஏ தந்த பிரிப்பு அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறை எடுத்து, அந்த நேர்மாறின் மூலைவிட்டத்தால் பிரிப்பு அணியை இடப்பக்கம் பெருக்குங்கள். ஒவ்வொரு குரலும் மைக்கில் விழுந்த அளவுக்கே திரும்பிவிடும்.

வரிசையைச் சரிசெய்ய, ஒட்டிய பட்டைகளின் வீச்சு உறைகள் (நேரத்தோடு ஒலி ஏறி இறங்கும் வடிவம்) எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒட்டுறவு பாருங்கள். குரல் வரும் திசையை வைத்துச் செய்ய வேண்டாம்: 20 செ.மீ. இடைவெளிக்கு, ஒலியின் வேகத்தை இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் 340 ÷ 0.4, அதாவது 850 ஹெர்ட்ஸுக்கு மேல் மைக்குகளுக்கு இடையிலான கட்ட வித்தியாசம் (ஃபேஸ்) சுற்றிக்கொள்ளும், திசை குழம்பிவிடும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். டப்பா ஓசை போய்விட்டது. ஒட்டுறவும் போட்டேன், 1.5 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தம், அதற்கு மேல் குரல்கள் மொத்தமாக இடம் மாறிவிட்டன.

பதில் 2
பக்கத்துப் பட்டையை மட்டும் பார்த்தால் இப்படித்தான். ஆற்றல் குறைந்த ஒரு பட்டையில் தடுமாறினால் மேலே உள்ளதெல்லாம் கவிழும். எல்லாப் பட்டைகளின் சராசரி உறையோடு ஒப்பிடலாம், ஆனால் நானாக இருந்தால் ஒட்டுவேலையே செய்யமாட்டேன், நேராக ஆக்ஸ்ஐவிஏ எனும் பிரிப்பு முறையைப் போடுவேன். அது அதிர்வெண்கள் எல்லாவற்றையும் ஒரே வெக்டராக எடுத்துக்கொள்வதால் வரிசை பெரும்பாலும் குலையாது. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நகர்வது என்ற படி அளவு எதையும் திருகவும் வேண்டாம். பைரூம்அக்கூஸ்டிக்ஸ் எனும் பைத்தான் நூலகத்தில் இருக்கிறது.

உள்ளீட்டு வரிசை ஃபிரேம் (வெட்டிய நேரத்துண்டு), அதிர்வெண், சேனல் (மைக்). முதல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தாலும் பிழைச்செய்தி வராமலே ஓடும், ஃபிரேமுக்கு ஒரு அணியைக் கற்றுக்கொண்டு.

அடுத்தது விண்டோ. 512 என்றால் 32 மில்லிவிநாடி. சாதாரண அறையின் எதிரொலியே சில நூறு மில்லிவிநாடி நீளும். விண்டோவைத் தாண்டி வழியும் எதிரொலியைப் பட்டைக்கு ஓர் அணியால் பிரிக்க முடியாது. 2048, ஹாப் 512 வையுங்கள். 10 விநாடிக்குச் சுமார் 310 ஃபிரேம் கிடைக்கும். 8192, ஹாப் 2048 என்று போனால் 78தான் மிஞ்சும். புள்ளியியலுக்கு அது பற்றாது.

கேள்வி கேட்டவர்
2048-ல் ஆக்ஸ்ஐவிஏ, 50 சுற்று. இரண்டு குரலும் தனித்தனியாக வந்துவிட்டது! மின்விசிறி இரைச்சல் மட்டும் இரண்டிலும் இருக்கிறது.

பதில் 1
இரண்டு மைக் இருந்தால் இரண்டு மூலம்தான், விசிறி மூன்றாவது. ஒருவரும் பேசாத இடத்தில் இரைச்சலின் ஆற்றலைப் பட்டைவாரியாக அளந்து, வெளியீட்டின் மேல் வீனர் மாஸ்க் (இரைச்சல் மிகுந்த இடத்தைக் குறைக்கும், 0 முதல் 1 வரையிலான பெருக்கி) போடுங்கள். மாஸ்க்கின் அடிமட்டத்தை 0.1-க்குக் கீழே விடாதீர்கள். பூச்சியம் வரை விட்டால் இரைச்சல் போன இடத்தில் கிணுகிணுவென்று மணிச்சத்தம் வந்து உட்காரும்.