அப்பாவோட நினைவு மலர்ல என்ன எழுதுறது? கண்மாய்ப் பாசனம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வரத்துக்கால் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சிவகங்கை மாவட்டம், மானாமதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊர். அப்பா போன மார்கழியில தவறிட்டார். 74 வயசு. வருசத் திதிக்குச் சின்னதா ஒரு நினைவு மலர் அடிச்சு ஊருக்குக் குடுக்கணும்னு அண்ணன் ஆசைப்படுறார். அச்சகத்துல ஒரு மாதிரி குடுத்திருக்காங்க. "உழைப்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே"ன்னு ஆரம்பிக்குது. பேரை மாத்துனா யாருக்கு வேணா பொருந்தும். அதுல எங்கப்பா இல்ல.

அப்பாவுக்கு ரெண்டரை ஏக்கர் நஞ்சை, கொஞ்சம் புஞ்சை, ஒரு சோடி மாடு. எங்க மூணு பேரையும் அதுலயேதான் படிக்க வச்சார். தங்கச்சி கல்யாணத்துக்குப் புஞ்சையில பாதி போச்சு. ஊர்ல கல்யாணம், காதுகுத்துன்னா மொய் எழுத அவரைத்தான் உக்கார வைப்பாங்க, எழுத்து முத்து முத்தா இருக்கும். இதெல்லாம் எழுதிடலாம்.

கண்மாயை எப்படி எழுதுறதுன்னுதான் தெரியல. எங்க ஊர்ல மடையைத் தொறந்து வயலுக்கு வயல் தண்ணி பங்கிட்டு விடுற நீர்பாய்ச்சியா கடைசியா இருந்த தாத்தா போனதுக்கப்புறம் அந்த வேலைக்கு யாரும் வரல. அப்பா ஏத்துக்கிட்டார். கூலி, ஏக்கருக்கு ஒரு மரக்கா நெல்லு. பாதிப் பேர் அளக்கவே மாட்டாங்க, அவரும் கேக்க மாட்டார். அம்மாதான் களத்துல போய் நிக்கும்.

புரட்டாசி பொறந்தா மம்பட்டியும் அருவாளுமா, கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்காலைச் சுத்தம் பண்ணக் கிளம்பிடுவார். ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்கு ஒரு ஆள்னு சொன்னா பத்துப் பேர் வருவாங்க. வராதவங்க வீட்டுப் பங்கையும் சேத்து இவரே வெட்டுவார். சீமைக்கருவேல வேரை மட்டும் விடவே மாட்டார், தோண்டித் தூரோட எடுத்தாத்தான் அவருக்கு நிம்மதி. 2005 மழையில நடுமடைக்குப் பக்கத்துல கரை கசிய ஆரம்பிச்சது. நடுச்சாமத்துல கோயில் மணியை அடிச்சு ஊரை எழுப்பினார். மண்ணு மூட்டை, வைக்கோப்பிரி, வேப்பங்கொப்புன்னு கையில கிடைச்சதெல்லாம் போட்டு அடைச்சாங்க. விடியிற வரைக்கும் இடுப்பளவு தண்ணியில நின்னார். மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வெளிய பாயுறதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்து நீராகாரம் குடிச்சார்னு அம்மா இன்னைக்கும் சொல்லும்.

அவர் தகரப்பொட்டியில ஒரு நீள நோட்டு கிடைச்சிருக்கு. பதினெட்டு வருசத்து முறைத்தண்ணிக் கணக்கு. எந்த வயலுக்கு எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தொறந்தது, எப்ப அடைச்சதுன்னு வரிவரியா இருக்கு. இதை மலர்ல போடலாமா? வெறும் எண்ணாத்தானே இருக்குன்னு அண்ணன் யோசிக்கிறார்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கட்டாயம் போடுங்கண்ணா. எங்கப்பாவுக்கு நாங்க அந்த அச்சக மாதிரியையேதான் போட்டோம், வழவழ தாள்ல. வந்தவங்க அதுலயே மிச்சரை வச்சுத் தின்னுட்டுப் போயிட்டாங்க. இப்ப நினைச்சாலும் மனசு வலிக்குது. எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். ஒவ்வொரு வருசமும் மேட்டூர் ஜூன் 12 திறக்குமான்னு அப்பா நாட்காட்டியில வட்டம் போட்டு வச்சிருப்பார். கடைசி ஏழெட்டு வருசம் அந்த வட்டத்துக்குத் தண்ணி வரவே இல்ல. 2020-ல அதே ஜூன் 12-ல திறந்தாங்க, அவர் அதுக்கு முந்தின வருசமே போயிட்டார். அந்த நாட்காட்டித் தாளை ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தாக்கூட அவரைப் பத்திச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். தூக்கிப் போட்டுட்டோம்.

பழைய பாசனப் பிரிவு எழுதியது:

தம்பி, நான் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நோட்டை முதலில் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரு நகலை ஊரில் வையுங்கள். எந்த மடையில் யாருக்கு எந்த முறை என்பது அநேக ஊர்களில் வாய்வழக்கமாகத்தான் இருக்கிறது. நாளைக்குத் தகராறு வந்தால் உங்கள் அப்பா எழுதிய நோட்டைத்தான் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். 40 ஹெக்டேருக்குக் கீழே ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது, அதற்கு மேல் என்றால் எங்கள் துறை, இப்போது அது நீர்வளத் துறை எனத் தனியாகப் பிரிந்திருக்கிறது. யாருடையதாக இருந்தாலும் ராத்திரியில் மடைக்குப் போய் நிற்க அரசாங்கத்தில் ஆள் கிடையாது. ஊரார் கூடிக் கண்மாயையும் வாய்க்காலையும் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858-லேயே சட்டம் போட்டார்கள், அப்படியும் அந்த வழக்கம் தேய்ந்து போனது. 2017-ல் குடிமராமத்து என்ற பெயரிலேயே மறுபடி திட்டம் வந்தபோது, எந்த இடத்தில் வரத்துக்கால் மேடிட்டிருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியவர்கள் உங்கள் அப்பாவைப் போன்ற நாலைந்து பெரியவர்கள்தான். மடையின் பெயர், வயல்களின் பெயர் எல்லாவற்றையும் மலரில் போடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது.

பனங்காடு எழுதியது:

ஒண்ணே ஒண்ணு. அவர் கோபத்தையும் எழுதுங்க. நல்லவர் வல்லவர்னு மட்டும் எழுதுனா கூடப் பழகுனவங்களுக்கு அது அவராத் தெரியாது.

வரத்துக்கால் எழுதியது:

மூணு பேருக்கும் நன்றி. பனங்காடு சொன்னதைப் படிச்சதும் நோட்டை எடுத்து 1996-ஐத் தேடினேன். ஒரு காரணம் இருக்கு.

அந்த வருசம் மழை ஏமாத்திருச்சு. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கு, பயிரெல்லாம் பால் பிடிக்கிற நேரம், கண்மாய்ல முழங்கால் தண்ணிதான். எங்க வயல் நடுமடை வாயிலேயே இருக்கு, தொறந்தா முதல்ல எங்களுக்குத்தான் பாயும். ஆனா தண்ணி கொறைஞ்ச வருசத்துல, வாய்க்கால் கடைசியில இருக்குற கடைமடை வயல்களுக்கு முதல்ல விட்டுட்டு மேல ஏறி வர்றதுன்னு அப்பா ஒரு முறை வச்சிருந்தார். எங்க பயிர் வாடுது, அம்மா வரப்புல நின்னு அழுகுது. எனக்குப் பதினஞ்சு வயசு. ராத்திரி யாருக்கும் தெரியாமப் போய் மடையைத் தூக்கி எங்க வயலுக்குத் திருப்பிட்டேன்.

அரைமணி நேரத்துல அப்பா வந்துட்டார். ஒண்ணும் பேசல. மடையை அடைச்சார், வாய்க்காலைக் கடைமடைக்கு வெட்டி விட்டார், வரப்புல வச்சே என்னைக் கன்னத்துல அறைஞ்சார். அதுக்கு முன்னயும் பின்னயும் அவர் என்னை அடிச்சதே இல்ல. மறுநாள் கூட்டத்துல அவரே எந்திரிச்சு, "எம்மகன் தண்ணியைத் திருப்பிட்டான்"னு சொல்லி அபராதம் கட்டினார். அவர் சொல்லலைன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. எங்க வயல்ல பாதி பதராப் போச்சு. ஊர் முன்னாடி என்னைக் காட்டிக் குடுத்தாரேன்னு ரொம்ப வருசம் அவர்கிட்ட சரியாப் பேசல. சென்னைக்கு வேலைக்குப் போனப்பக்கூட அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நோட்டுல அந்தத் தேதி இருக்கு. "நடுமடை, முறை தவறியது, இரவு 11 முதல் 11.30. அபராதம் ரூ. 101 கட்டியது." அதுக்கு நேரா அவர் பேர்தான் இருக்கு. என் பேர் எங்கயும் இல்ல. அதுக்குக் கீழ, எங்க முறை வர்ற நாள்ல, எங்க வயலுக்கு அஞ்சு மணி நேரம்னு போட்டு, அதை அடிச்சுட்டு நாலரைன்னு எழுதிருக்கார். நான் திருடுன அரைமணியைக் கழிச்சிருக்கார்.

அண்ணன்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "இந்தப் பக்கத்தை முழுசாப் போடு, பக்கத்துல உன் கையால நீயே எழுது"ன்னார். கடைமடையில இப்ப யார் யார் வயல் வச்சிருக்காங்களோ அவங்க வீட்டுக்கு மலரை நானே கொண்டு போய்க் குடுக்கலாம்னு இருக்கேன். வயல் பேரெல்லாம் அம்மாகிட்ட கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன், இதுவரைக்கும் இருபத்தேழு வந்திருக்கு.