“வாரம் 80 மணி நேரம் போகும், பரவாயில்லையா?” இன்டர்வியூவில் என்ன சொல்வது?

புதுவரவு:
வியாழக்கிழமை ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்க்ல அனலிஸ்ட் வேலைக்குக் கடைசி ரவுண்ட். போன ரவுண்ட்லயே இதைக் கேட்டாங்க. “கஷ்டப்பட்டு உழைக்க எப்பவும் தயார்”னு சொன்னேன். கேட்டவர் முகத்துல ஒரு அசைவும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போயிட்டார். மறுபடி கேட்டா என்ன சொல்றது?

கறார்பேர்வழி:
“முடியும்”. ஒத்தை வார்த்தை போதும். எத்தனை மணிக்குக் கிளம்பலாம், வீக்எண்ட் கிடைக்குமான்னு நீங்க ஆரம்பிச்சா, வெளியே காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு வேலை போயிடும். ஆஃபர் லெட்டர் கைக்கு வர்ற வரைக்கும் நேரத்தைப் பத்தி வாயே திறக்காதீங்க.

நடுநிசி:
இதை என்னால ஒத்துக்கவே முடியாது. ஆறு வருஷமா இந்த வேலையில இருக்கேன், மூணு வருஷமா இன்டர்வியூவும் எடுக்கறேன். “முடியும்”னு சொல்லாத ஆளே கிடையாது. அதனால அந்த வார்த்தைக்கு எங்ககிட்ட மதிப்பும் கிடையாது. அந்த 80 மணி நேரம் எதுல போகுதுன்னு தெரிஞ்சுதான் வர்றீங்களா? அதைத்தான் பார்க்கறோம்.

பகல்ல அனலிஸ்ட்டுக்குப் பாதி நேரம் காத்திருப்புதான். பெரியவங்க கிளையன்ட் மீட்டிங்ல இருப்பாங்க. பிட்ச் புக்ல, அதாவது கிளையன்ட்டுக்குக் காட்டற யோசனைத் தொகுப்புல, பேனாவால கிறுக்கின திருத்தங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் வரும். காலை ஒன்பதுக்கு அது கிளையன்ட் மேஜையில இருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு 14ஆம் பக்கத்துல எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள லாபம்) எண் ஒண்ணு மாறினா, அதே எண் வர்ற அத்தனை பக்கத்தையும், அடிக்குறிப்பையும் தேடிப் பிடிக்கணும். தூக்கம் கண்ணைச் சுத்தும்போது நீங்க எப்படித் தப்பு விடாம இருந்தீங்க? அப்படி ஒரு சம்பவம் இருந்தா அதைச் சொல்லுங்க. அப்புறம், “இந்த டீம்ல போன மாசம் எப்படிப் போச்சு?”ன்னு தயங்காம கேளுங்க.

கறார்பேர்வழி:
சம்பவம் சொல்றது சரி. அந்தக் கடைசிக் கேள்வி வேண்டாம். உங்க மனசுக்கு அது நியாயமாப் படலாம், எதிர்ல இருக்கிறவர் காதுல “இவன் தாங்க மாட்டான்”னுதான் விழும்.

மாதமுடிவு:
நடுவுல ஒரு வார்த்தை. ஃபைனான்ஸ்னாலே 80 மணி நேரம் இல்லை. கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல மாசக் க்ளோசிங் நாட்கள்தான் நெருக்கும், ஆடிட்ல வருஷ முடிவு சீசன். அந்த இன்டர்வியூவுக்குப் போறவங்க “சீசன் தெரியும், அதுக்கு ஏத்தபடி திட்டம் போட்டுப்பேன்”னு சொன்னா போதும்.

நடுநிசி:
@கறார்பேர்வழி, இது வாய் திறக்கக் கூடாத விஷயமா இருந்த காலம் போயிடுச்சு. 2021ல கோல்ட்மேன் சாக்ஸ்ல முதல் வருஷ அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள்ளேயே சர்வே எடுத்தாங்க. வாரத்துக்கு சராசரி 95 மணி நேரம் வேலை, ராத்திரிக்கு 5 மணி நேரம் தூக்கம். அது வெளியே வந்து உலகமே பேசுச்சு. 2024ல ஜேபி மார்கன், ஜூனியர்களுக்கு வாரம் 80 மணி நேரம்னு வரம்பு வெச்சது. பேங்கே பேசற விஷயத்தை வேலைக்கு வர்றவர் ஏன் பேசக் கூடாது? இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்ங்க.

கறார்பேர்வழி:
டீல் (ஒரு கம்பெனியை வாங்கறது, விக்கறது மாதிரி) ஓடிட்டிருந்தா அந்த வரம்புக்கும் விதிவிலக்கு உண்டுன்னு சேர்த்துச் சொல்லுங்க. டீலே இல்லாம அங்கே என்ன வேலை? உடம்பைப் பத்தின கவலை எனக்கும் இருக்கு. அதை ஆஃபர் வந்தப்புறம், அந்த டீம் ஜூனியர்கிட்ட தனியா விசாரிக்கலாம். உண்மையும் அங்கேதான் கிடைக்கும்.

நடுநிசி:
ஜூனியர்கிட்ட விசாரிக்கறது நல்ல யோசனை, அதை ஏத்துக்கறேன்.

புதுவரவு:
இப்படி எழுதி வெச்சிருக்கேன்: “இன்டர்ன்ஷிப்ல க்ளோசிங் வாரம் முழுக்க நடுராத்திரி வரை இருந்தேன். மூணாம் நாள் ஒரு எண்ணைத் தப்பாப் போட்டுட்டேன், அதைக் காலையில வேற ஒருத்தர் கண்டுபிடிச்சார். அதுலேர்ந்து பத்து மணிக்கு மேல செஞ்சதைப் பிரின்ட் எடுத்து, மூலத்தோட ஒவ்வொரு எண்ணா டிக் அடிச்சுட்டுத்தான் அனுப்புவேன். இந்த டீம்ல திருத்தங்கள் வழக்கமா எத்தனை மணிக்கு வரும்?”

கறார்பேர்வழி:
தப்பை நீங்களே சொல்றது எனக்கு உறுத்துது. ஆனா இந்தக் கேள்வியைக் கேட்கலாம். வேலை தெரிஞ்ச ஆள் கேட்கிற மாதிரி இருக்கு.

நடுநிசி:
தப்பை எடுத்துடாதீங்க. நான் பேனல்ல இருந்தா அந்த இடத்துலதான் நிமிர்ந்து உட்காருவேன்.