சொந்த லாக் ஃபங்ஷனில் நேரும் ஃபார்மேட் பிழைகளுக்கு ஜிசிசி ஏன் எச்சரிக்கை தருவதில்லை?

கேள்வி

வணக்கம். எங்கள் சி நிரலில் பிரிண்ட்எஃப்-ஐ நேரடியாக அழைக்காமல், லாக்_எழுது என்னும் ஃபங்ஷன் வழியாகவே எல்லாச் செய்திகளையும் பதிகிறோம். அதன் முதல் ஆர்குமென்ட் செய்தியின் நிலை, இரண்டாவது ஃபார்மேட் ஸ்ட்ரிங் (மதிப்புகள் எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்று சொல்லும் உரை), அதன் பின் வருபவை மதிப்புகள். கோப்பின் அளவையும் பெயரையும் பதியும் வரியில் "%யு பைட், %எஸ்" என்று உள்ளது. அளவு மட்டும் யுஇன்ட்64_டி என்ற 64-பிட் குறியற்ற முழு எண் வகையைச் சேர்ந்தது. 64-பிட் லினக்ஸ் கணினியில் இரண்டும் சரியாக வருகின்றன. 32-பிட் ஏஆர்எம் போர்டில் அளவு சரியாக வந்தாலும், பெயர் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் "நல்" என்று வருகிறது. கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகல் பிழை) வந்து நிரலே நின்றுவிடுகிறது. வழக்கமான எச்சரிக்கைகளை இயக்கும் -டபிள்யூஆல் கொடுத்தும் ஜிசிசி கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. இதே வரியை பிரிண்ட்எஃப்-ஆக மாற்றினால் மட்டும் உடனே எச்சரிக்கிறது. இந்த வேறுபாடு எதனால்?

மறுமொழி 1

பிழையின் தன்மையை முதலில் பார்த்துவிடுவது நல்லது. மாறும் எண்ணிக்கையில் ஆர்குமென்ட் பெறும் ஃபங்ஷனுக்குத் தன்னிடம் வந்தவை என்ன வகை என்பது தெரியாது. ஃபார்மேட் ஸ்ட்ரிங் சொல்வதை நம்பித்தான் அது ஒவ்வொன்றாக எடுக்கிறது. 32-பிட் ஏஆர்எம்-இல் உங்கள் 64-பிட் அளவு ஆர்2, ஆர்3 என்ற இரண்டு ரெஜிஸ்டர்களில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) போய் உட்காருகிறது, பெயரின் முகவரி நினைவகத்தில் உள்ள ஸ்டாக்கிற்குப் போகிறது. 32-பிட் எண்ணை எதிர்பார்க்கும் %யு ஆர்2-ஐ மட்டும் எடுத்துக்கொள்வதால், உரையின் முகவரியை எதிர்பார்த்து அடுத்து வரும் %எஸ், அளவின் மேல்பாதி இருக்கும் ஆர்3-ஐ முகவரி என்று எடுத்துக்கொள்கிறது. 4 ஜிபிக்குக் குறைவான கோப்பில் அந்த மேல்பாதி பூஜ்யம் என்பதால் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி "நல்" என்று அச்சிடுகிறது. அதைச் சற்றுத் தாண்டிய கோப்பில் அது 1 ஆகிவிடுவதால், 1 என்ற முகவரியைப் படிக்கப் போய் நிரல் விழுகிறது. 64-பிட் கணினியில் ஒவ்வொரு மதிப்புக்கும் தனி ரெஜிஸ்டர் கிடைப்பதால் பெயர் தப்பிக்கிறது. அங்கும் நிரல் சரியானது அல்ல: 4 ஜிபிக்கு மேல் அளவு தவறாகவே வரும்.

-டபிள்யூஆல் கொடுத்தாலே ஃபார்மேட் ஸ்ட்ரிங்கோடு மதிப்புகளின் வகையை ஒப்பிடும் -டபிள்யூஃபார்மேட் சோதனையும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் ஜிசிசி தானாக அறிந்திருப்பது பிரிண்ட்எஃப், எஸ்என்பிரிண்ட்எஃப் போன்ற நூலக ஃபங்ஷன்களை மட்டுமே. உங்களுடையதும் அந்த வகைதான் என்று ஹெடர் கோப்பில் உள்ள அறிவிப்பில் நீங்கள்தான் அட்ரிபியூட் என்ற குறிப்பின் மூலம் சொல்ல வேண்டும்: __அட்ரிபியூட்__((ஃபார்மேட்(பிரிண்ட்எஃப், 2, 3))). இதில் 2 என்பது ஃபார்மேட் ஸ்ட்ரிங் நிற்கும் இடம், 3 என்பது சோதிக்க வேண்டிய முதல் மதிப்பின் இடம். மதிப்புகளைத் தனித்தனியாகப் பெறாமல் விஏ_லிஸ்ட் என்ற ஒரே பட்டியலாகப் பெறும் துணை ஃபங்ஷன் இருந்தால் அதற்கு மூன்றாவதாக 0 கொடுங்கள். க்ளாங் கம்பைலரும் இதே எழுத்துமுறையை ஏற்கிறது. சி++ வகுப்பின் சாதாரண மெம்பர் ஃபங்ஷன் என்றால், கண்ணுக்குத் தெரியாத திஸ் பாயின்டரையும் முதலாவதாக எண்ண வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அட்ரிபியூட் சேர்த்ததும், நாங்கள் சந்தேகிக்காத பல கோப்புகளிலிருந்தும் எச்சரிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. 64-பிட்டில் %எல்யு என்று மாற்றியவுடன் எச்சரிக்கை போகிறது; அதையே 32-பிட்டில் கம்பைல் செய்தால் மீண்டும் வருகிறது. மதிப்பை அன்சைன்ட் (32-பிட் குறியற்ற எண்) ஆகக் காஸ்ட் செய்துவிடலாமா, அதாவது வகை மாற்றிவிடலாமா?

மறுமொழி 2

அப்படிச் செய்ய வேண்டாம். எச்சரிக்கை அடங்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட அளவு வெட்டுப்பட்டுத் தவறாகப் பதியும். 64-பிட் லினக்ஸில் யுஇன்ட்64_டி என்பது அன்சைன்ட் லாங், 32-பிட்டில் அன்சைன்ட் லாங் லாங். எனவே %எல்யு, %எல்எல்யு இரண்டில் எதை எழுதினாலும் ஒரு பக்கம் எச்சரிக்கை வரத்தான் செய்யும். சி99 தரத்தின் இன்ட்டைப்ஸ்.ஹெச் ஹெடரில் உள்ள பிஆர்ஐயு64 என்ற மேக்ரோ (கம்பைலின்போது அந்தந்தக் கணினிக்குரிய எழுத்தாக மாறும் பெயர்) இதற்காகவே இருக்கிறது. அது கண்ணுக்கு உறுத்தினால், அன்சைன்ட் லாங் லாங் ஆகக் காஸ்ட் செய்து %எல்எல்யு எழுதுங்கள். அதில் மதிப்பு எதுவும் இழக்கப்படாது. சைஸ்_டி வகைக்கு %இசட்யு போதும்.

மறுமொழி 3

வகைப் பொருத்தத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. வெளியிலிருந்து வந்த உரையையே ஃபார்மேட் ஸ்ட்ரிங்காகக் கொடுக்கும் அழைப்புகள் உங்கள் நிரலிலும் இருக்கக்கூடும். அந்த உரையில், இதுவரை அச்சான எழுத்துகளின் எண்ணிக்கையை ஒரு முகவரியில் எழுதச் சொல்லும் %என் இருந்தால் நினைவகத்தில் எழுதவே வழி திறந்துவிடும். 2000-இல் டபிள்யூயு-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற சர்வரில் வெளிப்பட்ட ஓட்டை இந்த வகையே, தொலைவிலிருந்தே ரூட் (கணினியின் முழு) அதிகாரத்தைப் பெற அது இடம் கொடுத்தது. -டபிள்யூஃபார்மேட்-செக்யூரிட்டி இத்தகைய அழைப்புகளைக் காட்டும், உங்கள் ஃபங்ஷனுக்கு இப்போது அட்ரிபியூட் இருப்பதால் அங்கேயும் காட்டும். டெபியன் லினக்ஸ் தன் பொதிகளை உருவாக்கும் இயல்பான அமைப்பில் இதை எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே வைத்திருக்கிறது. நீங்களும் -டபிள்யூஎரர்=ஃபார்மேட்-செக்யூரிட்டி என்று இன்றே வைத்துவிடுங்கள்; திருத்துவது மிக எளிது, "%எஸ்" என்று முன்னால் கொடுத்தால் முடிந்தது.

அட்ரிபியூட் இல்லாத வேறு ஃபங்ஷன்கள் இருக்கின்றனவா என்று அறிய, -டபிள்யூசஜெஸ்ட்-அட்ரிபியூட்=ஃபார்மேட் கொடுத்து ஒரு முறை கம்பைல் செய்து பாருங்கள். குறியுள்ள, குறியற்ற எண் வகைகள் மாறியிருப்பதைக் காட்டும் -டபிள்யூஃபார்மேட்-சைன்ட்னெஸ் இப்போதைக்கு வேண்டாம். பழைய நிரலில் அது எழுப்பும் எச்சரிக்கைகளுக்கு நடுவே முக்கியமானவை கவனத்தில் படாமல் போய்விடும். மீதமுள்ள ஃபார்மேட் எச்சரிக்கைகளை 32-பிட், 64-பிட் இரண்டிலும் தீர்த்துவிட்டு -டபிள்யூஎரர்=ஃபார்மேட் சேர்த்தால், புதிதாக எழுதப்படும் வரி தவறாக இருந்தால் கம்பைலே ஆகாது.