2024-இல் எந்தப் படம் ஓடியது? கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்

கவுன்ட்டர் தம்பி

தஞ்சாவூர் பக்கம் ஒரு பழைய ஒற்றைத் திரை தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவன் நான். வருஷம் முடிந்ததும் எல்லோரும் ஹிட் பட்டியல், ஃப்ளாப் பட்டியல் என்று போட்டுத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கோடிக்கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ராத்திரி டிசிஆர், அதாவது அன்றைய வசூல் கணக்கு, எழுதும்போது வருகிற தொகை, அப்புறம் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகம். அதனால் பட்டியல் வேண்டாம். ஒரு படம் ஓடியதையோ படுத்ததையோ நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்களோ, அந்த இடத்திலிருந்து சொல்லுங்கள்.

நானே தொடங்கி வைக்கிறேன். ஜனவரி 12-இல் கேப்டன் மில்லர், அயலான் இரண்டும் பொங்கலுக்கு வந்தன. பண்டிகைக் கூட்டத்தை வைத்து எந்தப் படத்தையும் எடைபோட முடியாது. பொங்கல் லீவில் வெள்ளைத் திரையை வெறுமனே காட்டினாலும் பாதி ஹால் நிறையும். அந்த வருஷம் பொங்கலே திங்கட்கிழமை, காணும் பொங்கல் புதன். எங்களுக்குக் கணக்கு வியாழக்கிழமை மேட்னிதான். அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்கள்தான் படத்துக்காக வருகிறவர்கள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் எங்கள் தியேட்டர் காய்ந்து கிடந்தது. காலைக் காட்சிக்கு எட்டுப் பேர், ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தூங்க வந்தவர்கள். அப்போது கை கொடுத்தது யார் தெரியுமா? ஏப்ரல் 20-ஆம் தேதி மறுபடி வந்த கில்லி. 2004-இல் இதே கவுன்ட்டரில் எங்கள் அப்பா டிக்கெட் கொடுத்த படம். படம் வந்தபோது பிறந்தே இருக்காத பையன்கள் வந்து நின்றார்கள். ஒருத்தனிடம் கேட்டேன், “டிவியில பார்க்காத படமாடா இது?”

“அம்பது தடவை பார்த்தாச்சுண்ணே. ஒரு தடவையாவது கத்திக்கிட்டே பார்க்கணும்ல?”

புதுப் படமே இல்லாத மாதத்தில் இருபது வருஷப் பழைய படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினோம். போர்டைத் தேடி எடுத்துத் தூசி தட்ட வேண்டியிருந்தது.

ஜீப்காரன், கொடைக்கானல்

தம்பி, நான் தியேட்டரில் பார்க்கவில்லை. ரோட்டில் பார்த்தேன்.

பிப்ரவரி 22-இல் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தது. மலையாளப் படம், டப்பிங்கும் கிடையாது. படத்தில் பாதிப் பேச்சு தமிழ் என்பதால் நம் ஆட்கள் அப்படியே பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல் வசூல் என்று பேப்பரில் போட்டிருந்தான். எனக்கு அது மார்ச் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்கு சீசன் என்றால் ஏப்ரல் பாதிக்கு மேல்தான். பரீட்சை நேரத்தில் மலைக்கு யார் வருவார்கள்? அந்த வருஷம் வந்தார்கள். வண்டியில் ஏறும்போதே “குணா குகை போகணும்” என்றார்கள். பில்லர் ராக்ஸ் வழியில்தானே என்று சொன்னால், அது வேண்டாம், நேராகக் குகைக்கு விடுங்கள் என்பார்கள்.

அந்த இடத்துக்கு முன்னே டெவில்ஸ் கிச்சன் என்றுதான் பெயர். 1991-இல் குணா எடுத்த பிறகு பெயரே மாறிவிட்டது. 2006-இல் கேரளாப் பையன் ஒருத்தன் அந்தக் குகைக் குழியில் விழுந்ததுதான் படத்தின் கதை. அது எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும், வருகிறவர்களுக்குத்தான் யாரும் சொன்னதில்லை. இப்போது வருகிறவர்கள் எனக்குக் கதை சொல்கிறார்கள். சோலை மரத்து வேரில் உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தர் குணா பாட்டு, ‘கண்மணி அன்போடு’ என்று ஆரம்பிப்பார். உடனே முன்பின் தெரியாத நாலு குடும்பம் சேர்ந்து பாடும்.

மே 7-லிருந்து கோர்ட் உத்தரவுப்படி மலைக்கு வர இ-பாஸ் வந்தது. எங்கள் பிழைப்புக்கு அது வேறு கதை. ஆனால் ஒரு படம் ஹிட்டா என்று என்னைக் கேட்டால், ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி கட்டி வந்து ஒரு குழியை எட்டிப் பார்க்க வைத்தால் ஹிட்டு.

ரெப்

விநியோகஸ்தர் சார்பாகப் படப் பெட்டியோடு வருகிற ஆள் நான். இப்போது பெட்டி இல்லை, பழக்கத்தில் சொல்கிறேன். தியேட்டரில் தலை எண்ணுவதுதான் வேலை.

முதலில் இந்த 100 கோடி போஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. அது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. 2024-இல் நீங்கள் நூறு ரூபாய் கொடுத்தால் ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் போய்க் கிட்டத்தட்ட எண்பது நின்றது. அதில் தியேட்டர்காரர் பங்கு போகும். பெரிய நடிகர் படமென்றால் முதல் வாரம் எங்களுக்கு எழுபது சதவீதம், அதற்கு மேலும் கேட்போம். வாரம் ஏற ஏறப் பங்கு இறங்கும். கடைசியில் எங்கள் கைக்கு வருகிற ஷேர் ஐம்பது ரூபாய் பக்கம். அதற்குள் படத்தை வாங்க முன்கூட்டியே மினிமம் கியாரண்டியாகக் கொடுத்த பணம், போஸ்டர் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் நூறு கோடி அடித்த படத்துக்கும் எங்கள் ஆபீஸில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இருபது கோடி அடித்த படத்துக்கு ஸ்வீட் கொடுப்பார்கள். இரண்டையும் அதே வருஷத்தில் பார்த்தேன்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன். ஜூன் 14, மகாராஜா. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம், ஆனால் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் கால்வாசி ஹால்தான். மேனேஜர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். படம் விட்டதும் நான் வழக்கம்போல வண்டி ஸ்டாண்டு பக்கம் போய் நின்றேன். இது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். படம் பிடிக்கவில்லை என்றால் ஜனங்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே வருவார்கள், கிக்கரை உதைத்தால் போய்விடுவார்கள். அன்றைக்கு ஒருத்தரும் வண்டி எடுக்கவில்லை. நாலு நாலு பேராக நின்று, “அப்போ அவன் வீட்டுக்கு வந்தது முன்னாடியா?”, “இல்லடா, அது பழைய கதை, இது இப்ப” என்று ஒருத்தருக்கொருத்தர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கதையை முன்பின்னாகக் கலைத்துப் போட்டிருந்தார் இயக்குநர் நித்திலன். அதைச் சேர்த்து அடுக்கி முடிக்காமல் வீட்டுக்குப் போக யாருக்கும் மனசில்லை. ஸ்டாண்டுக்காரர் கத்துகிறார், அடுத்த ஷோ வண்டி உள்ளே வர வேண்டும் என்று.

மேனேஜரிடம் வந்து சொன்னேன், “ஞாயித்துக்கிழமை போர்டைத் துடைச்சு வைங்க.” துடைத்து வைத்தார். நவம்பர் கடைசியில் அந்தப் படம் சீனாவரைக்கும் போனது. அங்கேயும் வண்டி ஸ்டாண்டு இப்படித்தான் இருந்ததா என்று பார்க்க ஆசை.

கேன்டீன்

எனக்கு 2024-இன் பெரிய ஹிட் அரண்மனை 4. சிரிக்காதீர்கள். மே 3, பள்ளிக்கூட லீவு, பேய்ப் படம். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கோன் ஐஸ், ஒரு பாப்கார்ன் என்று கணக்கு. பெரிய ஹீரோ படத்துக்குக் கூட்டம் வரும், ஆனால் அந்தப் பையன்கள் உள்ளே வரும்போதே தின்பது, குடிப்பது எல்லாம் வெளியே முடித்துவிட்டு வருவார்கள். எனக்கு வேண்டியது அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள்.

தீபாவளிக்கு அமரன் வந்தது, அக்டோபர் 31. அது மட்டும் எனக்குக் குழப்பமான படம். இடைவேளையில் சாதாரண வியாபாரம். படம் முடிந்த பிறகு கடையை மூடிக்கொண்டிருந்தேன், வரிசையாக வந்து தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். எல்லோருக்கும் முகம் வீங்கியிருந்தது. காஷ்மீரில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் கதை எப்படி முடியும் என்று தெரிந்தே போன ஜனம்தானே. அடுத்த நாளிலிருந்து கடைசி அரை மணிக்குக் கூடுதலாக ஒரு கேஸ் தண்ணீர் இறக்கி வைத்தேன்.

ஃப்ளாப்புக்கு அடையாளம் கேட்டால், இடைவேளையில் டீயை மெதுவாகக் குடிப்பார்கள். பெல் அடித்தாலும் உள்ளே போக மாட்டார்கள். “இன்னும் எவ்வளவு நேரம்ணே?” என்பார்கள். படத்தின் பெயர் வேண்டாம். அந்த வாரம் டீ நன்றாக விற்றது.

வாளையார் வழி

கோயம்புத்தூர். செப்டம்பர் 5, விஜய்யின் கோட். நம் ஊரில் முதல் காட்சி ஒன்பது மணிதான். 2023 பொங்கல் சமயத்தில் ஒரு ரசிகர் இறந்துபோன பிறகு விடிகாலைக் காட்சி இங்கே நின்றுவிட்டது. கேரளாவில் நாலு மணிக்கே உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு ஐந்து பேர் காரில் கிளம்பினோம். எல்லையில் வாளையார் தாண்டும்போது முன்னாலும் பின்னாலும் எல்லாம் டிஎன் வண்டி. பாலக்காட்டில் தியேட்டர் வாசலில் நம் ஊர் டீக்கடைக்காரரையே பார்த்தேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தால் இங்கே தியேட்டர் வாசலில் அப்போதுதான் பட்டாசு. என் தம்பி வரிசையில் நிற்கிறான். “எப்படிண்ணே?” என்றான். வாயைத் திறக்கவில்லை. படம் எனக்குப் பிடித்ததா என்பது இருக்கட்டும், தூக்கக் கலக்கத்தில் இரண்டாம் பாதியில் அரை மணி நேரம் எனக்கே தெரியாது. சாயங்காலம் தம்பிதான் அதைச் சொல்லிக் காட்டினான்.

ஆப்பரேட்டர்

புரொஜெக்டர் ரூமிலிருந்து பார்த்தால் 2024 வெட்டின வருஷம். ஜூலை 12-இல் வந்த இந்தியன் 2, வெளியான பிறகு 12 நிமிடம் குறைந்தது. செப்டம்பர் 27-இல் வந்த மெய்யழகன், 18 நிமிடம். நவம்பர் 14-இல் வந்த கங்குவா, மறுபடி 12. முன்பெல்லாம் ரீலை நாங்களே கத்திரித்து ஒட்டிய காலம் உண்டு. இப்போது புதிய பதிப்பு வரும், அதற்கு ஒரு கீ வரும். கீ வந்தால்தான் படம் திறக்கும். அது வரும்வரை செல்போனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கீழே கூட்டம் விசிலடிக்கும்.

வெட்டினால் படம் பிழைக்குமா என்று கேட்டால், என் அனுபவத்தில் இல்லை. முதல் மூன்று நாள் வந்தவன் நீளமான படத்தைப் பார்த்துத்தான் பேசியிருப்பான். அவன் பேச்சைக் கத்திரிக்க முடியாதே. ஆனால் மெய்யழகன் விஷயம் தனி. முதல் சனிக்கிழமை மனைவியோடு வந்த ஒரு வாத்தியார், அடுத்த வாரம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். படம் விட்டதும் படியேறி என் ரூமுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, நடுவுல பேச்சு குறையுதே?”

“நான் வெட்டல சார், அவங்களே குறைச்சுட்டாங்க.”

“அம்மாகிட்ட அந்த இடம் வரும், வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றார். பாவமாக இருந்தது. வீட்டில் போய் வாயால் சொல்லியிருப்பார்.

கங்குவா சத்தம் பற்றி ஊரே பேசியது. தயாரிப்பாளரே இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார் என்று செய்தி வந்தது. ஒரு விஷயம் சொல்கிறேன். ஒலிக் கருவியில் ஏழு என்பதுதான் முறையான அளவு. நான் பார்த்த தியேட்டர் எதிலும் ஏழில் வைப்பதில்லை. நாலரை, ஐந்து. ஒவ்வொரு படத்துக்கும் யாராவது ஒருத்தர் மேலே வந்து “சத்தம் பத்தல”, இன்னொருத்தர் “காது கிழியுது” என்பார். அந்த வாரம் இரண்டாவது ஆட்கள் மட்டுமே வந்தார்கள். அதை வைத்தே நான் வசூலைச் சொல்லிவிட்டேன்.

ரெப்

அந்த வாரத்துக்கு அப்புறம்தானே யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. எனக்கு இதில் இரண்டு மனது. வாசலில் மைக்கைப் பார்த்ததும் கேன்டீனில் இருந்து ஓடிவந்து, படமே பார்க்காமல் “வேற லெவல்” என்று சொன்னவனையும் பார்த்திருக்கிறேன், “தலைவலி” என்று சொன்னவனையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டி ஸ்டாண்டில் நிற்கிற பேச்சை எந்தச் சங்கமும் நிறுத்த முடியாது.

கவுன்ட்டர் தம்பி

எல்லோருக்கும் நன்றி. லப்பர் பந்து பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

செப்டம்பர் 20. பக்கத்து ஊர்களில் கோட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வேறு படம் இல்லாததால் இதைப் போட்டோம். இரண்டாவது வாரம்தான் சூடு பிடித்தது. விஜயகாந்தின் பழைய ‘நீ பொட்டு வச்ச’ பாட்டுக்குத் தினேஷ் மட்டையோடு இறங்குகிற இடத்தில் ஹாலே எழுந்து நிற்கும். விஜயகாந்த் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது.

ஒரு நாள் சாயங்காலக் காட்சிக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சப்பை.

“தம்பி, கேப்டன் பாட்டு வர்ற படம் இதானே?”

“ஆமாங்க ஐயா.”

“பாட்டு எத்தனை மணிக்கு வரும்? எனக்கு எட்டு மணிக்குக் கடைசி பஸ்.”

ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று இடத்தில் வரும், நீங்கள் போங்கள் ஐயா என்று டிக்கெட் கொடுத்தேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். கதை முடியவில்லையே என்றேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாக நடந்தார்.

மறுநாள் மேட்னிக்கு வந்தார். இந்தத் தடவை பஸ் பிரச்சனை இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். கூட நாலு பேர், எல்லோரும் அவர் வயசு. ஐந்து டிக்கெட் கேட்டுவிட்டு, கம்பிக்குள் தலையை நீட்டி என்னிடம் சொன்னார், “நேத்து பார்த்த வரைக்கும் நான் இவங்களுக்குச் சொல்லிட்டேன். மிச்சத்தை இன்னைக்குச் சேர்ந்து பார்த்துக்குறோம்.”