கார் வராத பாதையில் யாரைச் சந்தித்தீர்கள்? பீக் டிஸ்ட்ரிக்ட் சைக்கிள் அனுபவங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் டார்பி நகருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மூன்றாவது வருடம் ஒரு ஞாயிறு காலை, இரண்டு பக்கமும் கல்சுவர் எழுப்பிய குறுகிய ரோட்டில், பின்னால் வந்த காரின் கண்ணாடி என் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு போனது. விழவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுக்கம் அடங்கவில்லை. அன்று கொட்டகையில் சாத்திய சைக்கிளைப் பதினான்கு மாதம் தொடவில்லை.

பீக் டிஸ்ட்ரிக்ட் என்கிற இந்த மலைப்பக்கத்தில் ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. கியரைக் குறைத்துப் பொறுமையாக மிதித்தால் ஏறிவிடலாம். ஏறும்போது வேகம் நடை அளவுக்கு இறங்கிவிடும், சைக்கிள் லேசாக ஆடும், ஒதுங்க இடம் இருக்காது, முதுகுக்குப் பின்னால் ஒரு கார் உறுமிக்கொண்டே வரும். பயம் அங்கேதான்.

மறுபடி சைக்கிளில் ஏறியது மான்சல் டிரெயிலில். பேக்வெல் பக்கத்திலிருந்து பக்ஸ்டன் நோக்கிப் போகும் எட்டரை மைல் பாதை. மிட்லண்ட் ரயில்வே 1863-ல் திறந்த தடம் அது, 1968-ல் மூடிவிட்டார்கள். நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, ஆற்றுக்கு மேலே பாலம் கட்டி, முடிந்தவரை மட்டமாகக் கொண்டுபோனார்கள். என் முழங்காலுக்கு அன்றைக்கே யாரோ செய்துவைத்த உபகாரம் என்றுதான் எனக்குத் தோன்றும். 1981-ல் நடைபாதையாக்கியபோதும் சுரங்கங்கள் பூட்டியே கிடந்தன. 2011 மே மாதம் அவற்றைத் திறந்த பிறகுதான் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சைக்கிளை இறக்காமல் போக முடிந்தது.

ஹெட்ஸ்டோன் சுரங்கம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் குளிர் சட்டைக்குள் இறங்கும். பகலில் விளக்கு எரியும், ஆனாலும் கண் பழக ஒரு நிமிடம் வேண்டும். கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. அங்கேதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கருத்த சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, மி டக்," என்றார். டார்பிஷயர் ஆட்கள் ஆண், பெண், தெரிந்தவர், தெரியாதவர் யாரையும் அன்போடு 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு இந்த ரயிலில் மான்செஸ்டர் போவாராம். சுரங்கம் வருமுன் அப்பா எழுந்து ஜன்னலின் தோல் வாரை இழுத்துக் கண்ணாடியை ஏற்றுவாராம், புகை உள்ளே வரக்கூடாதென்று. "இருட்டு முடிந்ததும் திடீரென்று பாலம். கீழே ஆறு. ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்றுவிடும்." அப்படிச் சொல்லிக்கொண்டே என்னோடு நடந்து வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் வை ஆறு வளைந்து திரும்பும் அந்தப் பள்ளத்தாக்கு, அவர் சொன்ன மாதிரியே, காலடியில். எழுத்தாளர் ஜான் ரஸ்கின் அந்தக் காலத்தில் இந்த ரயில் பாதையைக் கடுமையாக எதிர்த்தார், பள்ளத்தாக்கையே கெடுத்துவிட்டார்கள் என்று. பிற்காலத்தில் அதே பாலத்தைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். பெரியவர் பாலத்தின் நடுவில் வெகுநேரம் நின்றார். நானும் நின்றேன். பின்னால் எதுவும் வருகிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று. அதே பாதையில் மில்லர்ஸ் டேல் என்ற ஊர் தாண்டி முன்னால் ஒரு பெண் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். நான் மணியடித்தேன். குதிரை காதை மடக்கிப் பக்கவாட்டில் துள்ளியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "மணி வேண்டாம், தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வாருங்கள். மனுஷக் குரல் என்று தெரிந்தால் இவன் பயப்பட மாட்டான்," என்றார். காரைக் கண்டு நான் எப்படி மிரண்டேனோ அப்படித்தான் அது என்னைக் கண்டு மிரண்டிருக்கிறது. அன்றிலிருந்து குதிரையைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்து, தூரத்திலேயே "வணக்கம், சைக்கிள் வருகிறது" என்று அவர்கள் மொழியில் குரல் கொடுத்துவிட்டு, நன்றாக விலகித்தான் தாண்டுகிறேன்.

பாதை தார் இல்லை, இறுக்கிய சுண்ணாம்புக்கல் பொடி. மழை பெய்த மறுநாள் போனால் வெள்ளைக் குழம்பு செயினில் அப்பிக் காய்ந்துவிடும். அன்றே கழுவிவிடுங்கள்.

நீங்களும் எழுதுங்கள். எந்தப் பாதை என்பதோடு, அங்கே யாரைப் பார்த்தீர்கள் என்றும்.

பதில் 1

நான் ஷெஃபீல்டில் இருக்கிறேன். மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அப்பர் டெர்வென்ட் பள்ளத்தாக்கைச் சொல்வேன். அங்குள்ள ஃபேர்ஹோம்ஸ் பார்வையாளர் மையத்துக்கு மேலே, அணைகளின் மேற்குக் கரையோரம் போகும் தார் ரோட்டில் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கார்களை விடமாட்டார்கள். பைன் மரங்கள், ஒரு பக்கம் தண்ணீர், நம் டயர் உருளும் சத்தம், அவ்வளவுதான்.

டெர்வென்ட் அணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நினைவுக்கல் இருக்கிறது, டிப் என்ற நாய்க்கு. 1953 டிசம்பரில் அதன் எஜமான், வயதான மேய்ப்பர், மேலே மலையில் இறந்துபோனார். பதினைந்து வாரம் கழித்து உடலைக் கண்டெடுத்தபோது நாய் உயிரோடு பக்கத்திலேயே இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க.

போன மாசி மாதம் நான் போனபோது ஒரு பாட்டி அந்தக் கல் முன்னால் குனிந்து, எழுத்துகளில் படிந்திருந்த பாசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரரா என்று கேட்டேன். இல்லையாம். "இந்த வழியாகப் போகும்போதெல்லாம் துடைப்பேன், படிக்க வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே" என்றார். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். இரண்டு பேருமாக ஆண்டு எழுதிய வரி தெரிகிற வரை கழுவினோம். காரில் போயிருந்தால் அந்தக் கல்லை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

போகும் வழிதான் தொல்லை. ஸ்னேக் பாஸ் என்ற கணவாய் ரோடு சைக்கிளுக்கு நல்லதில்லை. ரயிலில் பேம்ஃபர்ட் வரை வந்து, தார்ன்ஹில் டிரெயிலைப் பிடித்தால் லேடிபவர் அணை வரை வந்துவிடலாம். அதுவும் அணைக்குக் கல் கொண்டுவரப் போட்ட பழைய ரயில் தடம்தான். அது தார் இல்லை, மெல்லிய டயரில் நிதானமாகப் போகவும். அதற்கப்புறம் ஃபேர்ஹோம்ஸ் வரை கொஞ்ச தூரம் கார் ரோடு இருக்கிறது. காலையிலேயே வந்துவிட்டால் அவ்வளவாகத் தெரியாது.

பதில் 2

மானிஃபோல்ட் பாதையும் நன்றாக இருக்கும், முழுக்கத் தார். 1904 முதல் 1934 வரை ஓடிய குட்டி ரயிலின் தடம். ஒரே எச்சரிக்கை: ஸ்வெயின்ஸ்லி சுரங்கமும் அதையொட்டிய கொஞ்ச தூரமும் கார்களுக்கும் பொது. என் எட்டு வயது மகள் உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். எதிரே வந்த கார்க்காரர் சுரங்கத்து வாயிலிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, "நீ முதலில் போம்மா, நான் காத்திருக்கிறேன்" என்கிற மாதிரி கையைக் காட்டினார். அவள் போய் முடிக்கும் வரை வண்டியைக் கிளப்பவில்லை.

முதல் பதிவு எழுதியவர்

ஷெஃபீல்ட் நண்பருக்கு: வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் பேம்ஃபர்ட் வருகிறேன். பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன், அவருக்கு இப்போது எழுபத்தாறு. டிப் கல்லுக்கு ஒரு பழைய பல் பிரஷ்ஷும் எடுத்து வருகிறேன், எழுத்து இடுக்கில் இருக்கும் பாசிக்குக் கைக்குட்டை போதாது.