தீபாவளிக்கு டேப்: அந்த சிம் ஸ்லாட் வேணுமா, வேணாமா?

மதிலழகு:
டெல்டா குரூப் எல்லாத்துலயும் ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டிருக்கு. "தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு டேப் வாங்குறீங்களா? தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் இருக்கிறவங்க சிம் போடாத டேப் வாங்கினா காசு தண்டம்." இவ்வளவுதான் அதுல இருக்கு. ஏன், எதுக்குன்னு ஒரு வரி கிடையாது. படிச்சதும் எரிச்சலா வருது.

ஐபேடையே எடுத்துக்கங்க. 2025 மார்ச்ல வந்த ஏ16 ஐபேட், 128 ஜிபி, வைஃபை மட்டும் உள்ளது அறிமுக விலை 34,900. அதுவே செல்லுலார்னா 49,900. சிப் ஒண்ணு, திரை ஒண்ணு. சிம்முக்காக மட்டும் 15,000 ரூபாய். அது போக, அந்த சிம்முக்குத் தனியா ரீசார்ஜ். மாசம் 200-னு வெச்சாலும் வருஷத்துக்கு 2,400. ரீசார்ஜ் பண்ணாம மூணு மாசம் போட்டு வெச்சா நம்பரே போயிடும். கையில இருக்கிற போன்ல ஹாட்ஸ்பாட் போட்டா வேலை முடிஞ்சது. அந்த சிம் ஸ்லாட் எதுக்குங்க?

கடைமடை:
ஐபேட் விலையை வெச்சு மொத்த டெல்டாவுக்கும் தீர்ப்பு எழுதுறது எந்த ஊர் நியாயம்? இந்தப் பக்கம் கடையில ஜனங்க கேக்குறது இருபதாயிரத்துக்கு உள்ள இருக்கிற ஆண்ட்ராய்டு டேப். அதுல வைஃபை மாடலுக்கும் சிம் மாடலுக்கும் 15,000 எல்லாம் வித்தியாசம் கிடையாது.

ஹாட்ஸ்பாட் யார் போன்ல இருந்து வரும்? அப்பா போன்ல இருந்து. அப்பா மோட்டார் போட வயலுக்குப் போனா ஹாட்ஸ்பாட்டும் வயலுக்குப் போயிடும். பிள்ளை வீட்டுல டேப்பை வெச்சுக்கிட்டு விட்டத்தைப் பார்க்கணும். மேட்டூர்ல தண்ணி திறந்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்துடும், கடைமடைக்கு வந்து சேரணுமே! உங்க ஹாட்ஸ்பாட்டும் அதே கதைதான்.

குடமுருட்டி:
ரெண்டு பேரும் "ஸ்லாட் ஸ்லாட்"னு அடிச்சுக்கிறீங்க. ஏ16 ஐபேட் செல்லுலார்ல ஸ்லாட்டே கிடையாது. இ-சிம், அதாவது கருவிக்குள்ளயே பதிஞ்சு வர்ற சிம் மட்டும்தான். இதுக்கு முந்தின பத்தாம் தலைமுறை வரைக்கும்தான் நானோ சிம் ட்ரே இருந்துச்சு. உங்க ஊர்ல எந்த கம்பெனி டவர் எடுக்குதோ அது ஐபேடுக்கு இ-சிம் தருதான்னு முதல்ல கேட்டுட்டுத்தான் வாங்கணும். இது தெரியாமலே பதினஞ்சாயிரம் கணக்கு.

மதிலழகு:
குடமுருட்டி, இ-சிம்னாலும் காசு அதே காசுதான். சிம்னு நான் சொன்னா அதுவும் சேர்த்திதான். குற்றம் கண்டுபிடிக்கிறதுன்னா மட்டும் கரையை உடைச்சுக்கிட்டு வந்துடுறீங்க.

கடைமடைக்கு ஒழுங்கா பதில் சொல்றேன். ஹாட்ஸ்பாட் வேலை செய்யலைன்னு சொல்றவங்க பெரும்பாலும் அதைச் சரியா போடாதவங்க. போன் செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் உள்ள போய் பேண்டை, அதாவது அலைவரிசையை, 2.4 கிகாஹெர்ட்ஸ்ல வைங்க. 5-ல வெச்சா வேகம் வரும், சுவர் தாண்டாது. ரேழி, முற்றம், தாழ்வாரம்னு இருக்கிற பழைய வீட்டுல 5 கிகாஹெர்ட்ஸ் ரெண்டாவது கட்டுக்கே போகாது. அடுத்து, "யாரும் இணையலைன்னா தானா அணைஞ்சுடும்"னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆஃப் பண்ணுங்க. பிள்ளை பத்து நிமிஷம் சாப்பிடப் போயிட்டு வந்து "நெட் வரலை"ங்கறதுக்கு அதுதான் காரணம்.

டேப் பக்கம் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். வைஃபை பட்டியல்ல அந்த ஹாட்ஸ்பாட் பேரைத் தொட்டு, அதை மீட்டர் உள்ள இணைப்பு, அதாவது டேட்டாவை அளந்து செலவழிக்கிற இணைப்புன்னு குறிச்சு வைங்க. இல்லைன்னா டேப் அதை வீட்டு பிராட்பேண்டுன்னு நினைச்சுக்கிட்டு ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாத்தையும் இழுக்கும். பெட்டி பிரிச்ச முதல் நாள் சிஸ்டம் அப்டேட்டும் ஆப்புகளும் சேர்ந்து பல ஜிபி போகும். தினசரி 2 ஜிபி பேக் வெச்சிருக்கிறவருக்கு டேப் திறந்த அரை மணியில "டேட்டா தீர்ந்துடுச்சு"ன்னு மெசேஜ் வரும். முதல் நாள் செட்டப்பை பிராட்பேண்ட் இருக்கிற வீட்டுல முடிச்சுட்டுப் பரிசைக் கையில குடுக்கணும். இதெல்லாம் பண்ணினா அந்த சிம் ஸ்லாட்டுக்கு வேலையே இல்லை.

கடைமடை:
அவ்வளவு நீளமா எழுதினீங்களே, அப்பா போன் வயலுக்குப் போனதுக்கு பதில் எங்க?

அரசலாறு:
சின்னப் பிள்ளைக்கா, நீட் படிக்கிற பிள்ளைக்கா, வீட்டுல இருக்கிற தாத்தாவுக்கா, யாருக்கு வாங்குறோம்னு ஒருத்தரும் சொல்லலை. சிம்மை விட முக்கியமானது நிறைய இருக்கு. ஓடிடி பார்க்கிற டேப்னா வைட்வைன் எல்1, அதாவது படத்தைத் தெளிவா ஓட்ட விடுற காப்பு அனுமதி, இருக்கான்னு பார்க்கணும். எல்3-ன்னா திரை எவ்வளவு பெருசா இருந்தாலும் படம் மங்கலா 480-லதான் ஓடும். டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு ஆப் இருக்கு, கடையில டெமோ பீஸ்ல போட்டுப் பார்த்தா அரை நிமிஷத்துல தெரியும்.

எழுதிப் படிக்கிற பிள்ளைன்னா பேனா. கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் நல்ல டேப்தான், ஆனா அதுல எஸ் பென் வேலை செய்யாது. வெளியில விக்கிற முன்னூறு ரூபாய் ரப்பர் முனைப் பேனா விரல் மாதிரிதான். உள்ளங்கையைத் திரையில வெச்சா கையும் சேர்ந்து கோடு போடும். டேப் எஸ்9 எஃப்ஈ, எஸ்10 லைட்டுக்கெல்லாம் பேனா பெட்டிக்குள்ளயே வருது. எழுத அந்தப் பேனாவுக்கு சார்ஜே தேவையில்லை. ஆப்பிள்ல 7,900 போடுற யூஎஸ்பி-சி பென்சில்ல அழுத்தி எழுதினா தடிக்கிற வசதி கிடையாது, சாதா ஐபேட் திரையில கண்ணாடிக்கும் எழுத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி தெரியும். கணக்கு நோட்டு எழுத அது போதும். படம் வரையிற பிள்ளைக்குப் போதாது.

தேரடி:
எல்லாம் சரி, இப்ப ஜிஎஸ்டி குறைச்சதுல டேப் விலை இறங்கிடுச்சே, அதைப் பத்தி ஏன் யாரும் பேசலை?

குடமுருட்டி:
தேரடி, டேப்புக்கு முன்னாடியும் 18 சதவீதம், இப்பவும் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல 28-ல இருந்து 18-க்கு இறங்கினது ஏசி, 32 இஞ்சுக்கு மேல இருக்கிற டிவி, பாத்திரம் கழுவுற மிஷின். கடைக்காரர் "ஜிஎஸ்டி குறைப்பு"ன்னு போர்டு வெச்சு டேப் விக்கிறார்னா அது பண்டிகைத் தள்ளுபடி, வரி இல்லை.

தேரடி:
விலை குறைஞ்சுதா இல்லையா? குறைஞ்சுது. பேர் என்னவா இருந்தா என்ன?

மதிலழகு:
பேர் என்னவா இருந்தா என்னன்னு கேக்கறவர்தான் போன ஆடிப்பெருக்கு சமயத்துல இன்வெர்ட்டர் விவாதத்துல விஏவும் வாட்டும் ஒண்ணுன்னு சாதிச்சார். அந்த இழையை யாரும் மறக்கலை. விடுங்க.

அரசலாறு, பேனா விஷயம் நல்ல தகவல், ஆனா பேச்சு சிம்மைப் பத்தினது. கடைமடை கேட்டதுக்கு வர்றேன். அப்பா வயலுக்குப் போனா வீட்டுல பிராட்பேண்ட் இருக்கு. இன்னைக்கு கேபிள்காரங்களே ஃபைபர் இழுத்துக் குடுக்கிறாங்க. இல்லாத வீட்டுல, வேணும்ங்கற வீடியோவை ராத்திரியே டவுன்லோட் பண்ணி வெச்சா பகல்ல நெட்டே வேண்டாம். வாட்சாப்பும் இணைச்ச கருவியா டேப்ல தனியா ஓடும், போன் பக்கத்துல இருக்கணும்னு இல்லை. பதினாலு நாளைக்கு ஒரு தடவை போன்ல வாட்சாப்பைத் திறந்தா போதும்.

கடைமடை:
மன்னார்குடி மதிலுக்கு உள்ள இருக்கிறவருக்கு ஃபைபர் எல்லா ஊர்லயும் இருக்கிற மாதிரிதான் தெரியும். தலைஞாயிறு தாண்டி வாங்க. சரி, ஃபைபர் இருக்குன்னே வெச்சுக்குவோம். தீபாவளி வர்றது ஐப்பசியில, அடைமழைக் காலத்துல. கரண்ட் போனா ரவுட்டர் போச்சு. கஜா அடிச்சது 2018 நவம்பர் 16. தீபாவளி முடிஞ்சு பத்தே நாள். எத்தனையோ ஊர்ல கரண்ட் வர வாரக்கணக்கு ஆச்சு. அப்ப உங்க ஃபைபரும் கிடையாது, ரவுட்டரும் கிடையாது.

மதிலழகு:
கஜாவுல டவரும் சேர்ந்துதானே விழுந்துச்சு? விழாத டவருக்கும் ஜெனரேட்டர் டீசல் போய்ச் சேரலை. அப்ப சிம் ஸ்லாட்டை வெச்சு என்ன பண்ணியிருப்பீங்க? புயலுக்கு டேப் வாங்குறதுன்னா சிம் மாடலும் வீண்தான்.

விளக்கழகு:
புயலை விடுங்க. சாதாரணமா ஒரு மணி, ரெண்டு மணி கரண்ட் போறதுக்கு ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் போதும். ரவுட்டர் அடாப்டர் மேல 12 வோல்ட், 1 ஆம்ப் இல்லை 1.5 ஆம்ப்னு போட்டிருக்கும். 12 வோல்ட் 2 ஆம்ப் யூபிஎஸ் வாங்கினா ரெண்டுக்கும் சேரும். பெட்டியில 8,800 எம்ஏஎச்னு பெருசா போட்டிருப்பாங்க. அது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கிப் பார்த்தா 32 வாட்-ஹவர் சொச்சம். ரவுட்டர் 10 வாட் இழுத்தா, 12 வோல்ட்டா ஏத்துறதுல போற நஷ்டம் கழிச்சு ரெண்டரை மணியில இருந்து மூணு மணி ஓடும். ஏழெட்டு மணி நேரம் வரும்னு கடையில சொன்னா நம்பாதீங்க.

தேரடி:
பின்னும் பார்க்கணும். பின் சேரலைன்னா ஓடாது.

விளக்கழகு:
அது சின்ன விஷயம், கூடவே நாலு பின் தர்றாங்க.

தேரடி:
சின்ன விஷயம் இல்லைங்க. வெளி விட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர்தான். உள் ஓட்டை 2.1-ம் இருக்கு, 2.5-ம் இருக்கு. 2.1 ரவுட்டர்ல 2.5 பின்னைச் சொருகினா உள்ள போயிடும், ஆனா ஆடும். யாராவது மேசையைத் தட்டினா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஜனங்க கேபிள்காரரைத் திட்டுவாங்க. பழைய 9 வோல்ட் ரவுட்டர்ல 12 வோல்ட்டைச் சொருகினா ரவுட்டரே போயிடலாம். நடுவுல பிளஸ்ஸா மைனஸான்னு ஸ்டிக்கர்ல படம் போட்டிருக்கும், அதையும் பார்க்கணும். விஏ, வாட்னு சொல்லிக்காட்டினவங்க இதையும் படிச்சுக்கட்டும்.

குடமுருட்டி:
உங்க வீட்டு ரவுட்டர் ஓடினா போதுமா? ஃபைபர் உங்க வீட்டுல இருந்து எங்க போகுது? கேபிள்காரர் அறையில இருக்கிற பெட்டிக்கு. நடுவுல வர்ற ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் வேண்டாம். ஆனா அந்த அறையில பேட்டரி இல்லைன்னா உங்க மினி யூபிஎஸ் சும்மா பச்சை விளக்கு காட்டிக்கிட்டு நிக்கும். பழைய முறையில கம்பத்துக்குக் கம்பம் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி தொங்கவிட்ட ஊர்ல இன்னும் மோசம், தெரு கரண்ட் போனா அதுவும் போச்சு. கனெக்‌ஷன் வாங்கும்போதே "உங்க ரூம்ல பேக்கப் எவ்வளவு நேரம்"னு கேளுங்க.

கடைமடை:
பார்த்தீங்களா, கடைசியில எல்லாரும் என் பக்கம்தான் வர்றீங்க. யூபிஎஸ், பின், கேபிள்காரர் பேட்டரி, ராத்திரி டவுன்லோட்... ஒரு சிம்மைப் போட்டா இவ்வளவும் வேண்டாம். கூடவே யூபிஐ. வங்கியில குடுத்த நம்பரோட சிம் அதே கருவியில இருந்து மெசேஜ் அனுப்பினாதான் ஆப் பதிவாகும். வைஃபை டேப்ல அது நடக்காது.

மதிலழகு:
யாரும் உங்க பக்கம் வரலை. பிள்ளைக்குக் குடுக்கிற பரிசுல யூபிஐ எதுக்கு? அது இல்லாததே நல்லது. இன்னொண்ணு, சிம் போட்ட டேப்ல போன் பேசலாம்னு நினைச்சு வாங்குறவங்க இருக்காங்க. ஐபேட்ல எந்த சிம் போட்டாலும் சாதா கால் போகாது. ஆண்ட்ராய்டுலயும் எல்லா மாடல்லயும் கால் வசதி திறந்திருக்காது. வாங்குறதுக்கு முன்னாடி கடையில சிம்மைப் போட்டு ஒரு கால் பண்ணிப் பார்க்கணும்.

கடைமடை:
கால் பேசவா நான் கேட்டேன்? நெட்டுக்குக் கேட்டேன். வழி தெரியணும்னாலும் வைஃபை ஐபேட்ல ஜிபிஎஸ் கிடையாது, செல்லுலார்லதான் இருக்கு. அதையும் மறைச்சுட்டீங்க.

மதிலழகு:
எட்டாவது படிக்கிற பிள்ளை ஜிபிஎஸ் போட்டு எங்க போகப்போகுது? மறைச்சேன்னு சொல்றதை வாபஸ் வாங்குங்க.

விளக்கழகு:
சிம் மாடல் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. பில் போடும் முன்னாடி பெட்டி மேல இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை எடுத்து, கேஒய்எம்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. கம்பெனி, மாடல் பேர் வரும். அது பெட்டியோட ஒத்துப்போகலைன்னா வாங்காதீங்க. வைஃபை மாடலுக்கு ஐஎம்இஐ கிடையாது, சீரியல் நம்பர் மட்டும்தான், திருட்டுப் போனா ஐஎம்இஐயை வெச்சு முடக்க முடியாது. கடலோரத்துல இருக்கிறவங்க சார்ஜ் ஓட்டையையும் கவனிக்கணும். உப்புக் காத்துல யூஎஸ்பி-சி உள்ள பச்சை படிஞ்சா "ஈரம் இருக்கு"ன்னு காட்டி சார்ஜ் ஏறாது. ஊசியை விட்டுக் கிளறாம, அணைச்சு வெச்சு மென்மையான பிரஷ்ல சுத்தம் பண்ணணும்.

கடைமடை:
நன்றி விளக்கழகு. திருட்டுப் போனாகூட சிம் மாடல்தான் நல்லதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க.

விளக்கழகு:
நான் அப்படிச் சொல்லலைங்க.

அரசலாறு:
மறுபடி கேக்குறேன். யாருக்கு வாங்குறோம்? ரேம் பத்தி ஒருத்தரும் பேசலை. 4 ஜிபியில வகுப்பு ஆப்பும் பிடிஎஃப்பும் பக்கத்துல பக்கத்துல திறந்தா ஒண்ணு மூடிக்கும். "விர்ச்சுவல் ரேம் சேர்த்து 8"னு போடுறது சேமிப்புல இருந்து கடன் வாங்குறது, அது ரேம் வேகத்துக்கு வராது. 64 ஜிபியில சிஸ்டமே பதினஞ்சு, இருபது எடுத்துக்கும். ராத்திரி டவுன்லோட் பண்ணச் சொன்னீங்களே, எதுல வைப்பாங்க? மெமரி கார்டு போடுற இடம் இருக்கான்னாவது பாருங்க.

மதிலழகு:
அரசலாறு, மெமரி கார்டு போடுற இடம்னதும் ஞாபகம் வருது. சில சிம் மாடல்ல ஹைப்ரிட் ட்ரே. ஒண்ணு சிம் போடலாம், இல்லைன்னா கார்டு போடலாம், ரெண்டும் முடியாது. அந்த சிம் ஸ்லாட்டுக்காக கார்டு இடத்தையும் சேர்த்து இழக்கணும். இதுக்கு கடைமடை என்ன சொல்றார்னு பார்ப்போம்.

கடைமடை:
ரெண்டுக்கும் தனி இடம் இருக்கிற மாடலை வாங்குன்னு சொல்றார். அப்பா போன் வயலுக்குப் போனதுக்கு இன்னும் பதில் வரலைன்னும் சொல்றார்.

மதிலழகு:
பதில் மேலயே இருக்கு. மேல போய்ப் படிங்க.